அக்காவிடம் கேட்க வேண்டும்

மே 9

ரிசல்ட் வந்துவிட்டது. நான் பயந்த அளவுக்கு மோசமில்லை, அத்தை எதிர்பார்த்த அளவுக்கு நன்றாகவும் இல்லை. கணக்கில் மட்டும் கொஞ்சம் சறுக்கிவிட்டது. மதியத்துக்குள் சொந்தத்தில் பாதிப் பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அடுத்து என்ன படிக்கப் போகிறாய்? தெரியவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஏதோ பெரிய திட்டத்தை மறைத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று இருந்தால் எனக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா தான் வேலை பார்க்கிற லாரி எடைமேடையிலிருந்து ஒரு நடை வந்து ஜிலேபிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். காங்கயத்துக் கொப்பரை லாரிகள் எல்லாம் இன்றைக்கே எடை போட வந்துவிட்டனவாம். அம்மா பொட்டலத்தைப் பிரித்து முதல் ஜிலேபியை அக்காவுக்கு வைத்தாள். பிறகுதான் எனக்கு.

புது டைரி என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா என்றால் கவிநயா. இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னையில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தாள். ஹாஸ்டலில் டெங்கு வந்தது. வீட்டுக்குச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்லாமலே இருந்திருக்கிறாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. சில நாளில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னி என்று வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது அம்மாவின் பிறந்த வீட்டு வழக்கம். அதனால் நடு அறை மூலையில் ஒரு பலகையின் மேல் அக்கா இருக்கிறாள். போட்டோ, கண்ணாடி வளையல், மடித்து வைத்த பட்டுப் பாவாடை, விளக்கு. உயிரோடு இருந்தவரை அவள் ஜீன்ஸைத் தவிர எதையும் மதித்ததில்லை. அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

மே 12

ஆளாளுக்கு ஒரு யோசனை. மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார். அத்தை பி.காம். படித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறாள். எதிர்வீட்டுக்காரர் நர்சிங் படித்தால் ஜெர்மனிக்கே கூப்பிடுகிறார்கள் என்று அடித்துச் சொன்னார். அவருடைய மகன் மூன்று வருடமாக வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவனை ஏன் ஜெர்மனி கூப்பிடவில்லை என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கவியிடம் கேட்கலாம் என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது எல்லாம் அப்படித்தான். பிரிட்ஜ் வாங்கலாமா, நான் ட்யூஷன் மாற்றலாமா, எதுவானாலும் பூக் கட்டிப் பார்ப்பது. ஒரு தாளில் செவ்வரளி, இன்னொரு தாளில் வெள்ளரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கி அக்காவின் முன்னால் போட வேண்டும். அத்தை மகள் தன்யா, ஒன்றாம் வகுப்பு, ஒன்றை எடுப்பாள். சிவப்பு வந்தால் செய்யலாம். வெள்ளை வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அம்மாதான் அதைக் கொண்டுபோய் வாய்க்கால் தண்ணீரில் விடுவாள்.

இன்று கேட்ட கேள்வி, சுகிதாவை, அதாவது என்னை, இன்ஜினியரிங் பக்கம் விடலாமா என்பது. சிவப்பு வந்தது. அம்மா போட்டோவைப் பார்த்துச் சிரித்தாள். நான் கேட்காத கேள்விக்கு எனக்குப் பதில் வந்திருக்கிறது.

மே 20

அக்காவின் கட்டிலில் படுக்கிறேன். அங்கேதான் காற்று வருகிறது. வேறு காரணம் எதுவும் இல்லை.

மே 24

கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய லோகு அண்ணன் கடைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில்தான் ஊரிலுள்ள பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குக் காலேஜ் கிடைத்திருக்கிறது. அம்மாவும் கூட வந்தாள்.

அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதுமே மீதியை கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொண்டது. எங்கள் விலாசம், ஜாதி, பள்ளிக்கூடம், எல்லாம். மாணவி பெயர் என்ற கட்டத்தில் கவிநயா என்று வந்து நின்றது. லோகு அண்ணன் சட்டென்று அழித்தார். பழைய மெஷினுங்க, ஒரு தடவை போட்டதை மறக்காது என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அம்மா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பெயரைத் தட்டினேன். விரல் இரண்டு தடவை தப்பான எழுத்தில் விழுந்தது.

ஜூன் 6

அக்காவின் பச்சைச் சுடிதார் எனக்குச் சரியாக இருக்கிறது. போன வருடம் தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சர்ட்டிபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போனேன். படிக்கட்டில் எதிரே வந்த கெமிஸ்ட்ரி மிஸ் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் தோளைத் தட்டி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். அவர் கை வேர்த்திருந்தது. என்னைப் பேய் என்று நினைத்திருப்பார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். அவர் மேல் தப்பில்லை.

ஜூன் 14

அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனோம். அப்பா வெளியே காத்திருந்தார், நான் சும்மா இருக்காமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த பெண் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். என்ன படித்தீர்கள், வேலை கஷ்டமா என்று கேட்டேன். அவள் படித்தது லேப் டெக்னீஷியன் படிப்பாம். நாள் முழுக்க நிற்க வேண்டும், ஊசி என்றால் அழுகிற பெரிய ஆட்களைச் சமாளிக்க வேண்டும், மற்றபடி பிடித்திருக்கிறது என்றாள். பார்க்கிறாயா என்று நகர்ந்துகொண்டாள்.

சிவப்பாக வட்டவட்டமாக நிறைய இருந்தது. இதில் பிளேட்லெட் எது என்று கேட்டேன். நடுவில் ஊதா நிறத்தில் தூசி மாதிரி தெரிகிறதே, அதுதான் என்றாள். அவ்வளவு சின்னதா என்று கேட்டேன். அந்த வார்த்தையை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் எங்களிடம் சொல்வார்கள். இன்றைக்கு இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கியிருக்கிறது என்று. நான் ஏதோ பெரிய பொருளாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அப்பா வந்து கூப்பிட்டபோதுதான் நிமிர்ந்தேன். கழுத்து வலித்தது.

ஜூன் 15

பயோடெக்னாலஜி என்று ஒரு படிப்பு இருக்கிறது. கிருமி, ரத்தம், மருந்து கண்டுபிடிப்பது எல்லாம் வருகிறது. படித்துவிட்டு லேபில் சேரலாம், மருந்துக் கம்பெனிக்குப் போகலாம், மேலே ஆராய்ச்சியும் செய்யலாம். வேலை வாய்ப்பு நன்றாக இருப்பதால்தான் யோசிக்கிறேன். அக்காவின் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4

அப்பாவுடன் பக்கத்து ஊர் காலேஜைப் பார்த்துவிட்டு வந்தேன். காலேஜ் பஸ் எங்கள் தெருமுனைக்கே வருமாம். காலையில் ஏறினால் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கு அதைக் கேட்டதும் முகமே மாறிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுவிடு, நல்ல படிப்பு என்று இரண்டு தடவை சொன்னாள். பயோடெக் அங்கே கிடையாது. நான் பார்த்தவற்றில் எனக்குக் கிடைக்கக்கூடியது சென்னையில்தான் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இதுவரை எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. அக்கா எடுத்த குரூப்பை எடுத்தேன், அக்கா ஓட்டிய சைக்கிளை ஓட்டினேன். ஓட்டலுக்குப் போனால் அக்கா சொல்வதையே எனக்கும் என்பேன். சென்னைக்குக் கிளம்பும்போது, இனிமேலாவது சொந்தமாக ஏதாவது ஆர்டர் பண்ணுடி என்று கிண்டல் செய்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒரு போன் செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஜூலை 19

லோகு அண்ணன் கடையில் விருப்பப் பட்டியலைப் போட்டேன். முதலில் சென்னை பயோடெக். அடுத்து பஸ் வருகிற காலேஜ். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். வரும் வழியில் வண்டியை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார். அம்மாவிடம் நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டேன். கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிடைக்காது என்று நம்பியிருக்கிறார், பாவம்.

ஜூலை 26

கிடைத்துவிட்டது.

சம்மதம் என்று நாளை மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அம்மா கேட்டுவிட்டு, சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்குக் கவியிடம் கேட்கலாம் என்று மட்டும் சொன்னாள். அத்தைக்குப் போன் போட்டு தன்யாவைக் கூட்டிவரச் சொன்னாள்.

எனக்கு அந்த இடம் வேண்டும். இப்படி வாய்விட்டு எதையும் நான் கேட்டதில்லை. இன்று பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சிவப்பைக் கொடுடி என்று அக்காவிடம் கெஞ்சினேன். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் கெஞ்சினேன்.

ஜூலை 27

வெள்ளை.

தன்யா பிரித்துக் காட்டியதும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இனி இதில் பேச்சே இல்லை என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். எழுந்திருக்கவே முடியவில்லை. அதனால் மீதிப் பொட்டலத்தை வாய்க்காலில் விட்டுவிட்டு வரும்படி அத்தை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

வாய்க்கால் மேட்டில் நின்று அதைப் பிரித்தேன். பிரிக்கக் கூடாதுதான். எனக்கு வேண்டிய சிவப்பை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

அதிலும் வெள்ளைதான் இருந்தது.

பொட்டலம் மடிப்பது அம்மா ஒருத்திதான். முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. இதை அத்தை முன்னால் போட்டுக் காட்டினால் நாளைக்கே என் இடம் எனக்குக் கிடைத்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் பூக் கட்டிப் பார்க்க மாட்டார்கள். பலகை மேல் இருப்பது வெறும் போட்டோவாகிவிடும். அம்மாவுக்கு அக்கா இரண்டாம் தடவை செத்துப்போவாள். ஒரு படிப்புக்காக நான் அதைச் செய்ய வேண்டுமா? பூவைத் தண்ணீரில் விட்டேன். அது உடனே போகாமல் கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூலை 28

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் அத்தை ஊருக்குப் போன பிறகு சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நேரம் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதாம்மா இருந்துச்சு."

அம்மா கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. மறுப்பாள், இல்லை திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நா அவகிட்டக் கேக்கவே இல்ல அம்மிணி" என்றாள். "கேட்டா போகட்டும்னு சொல்லிப்போடுவா. அவ அப்படித்தான்னு எனக்குத் தெரியும்."

நேற்று முழுக்க அம்மா ஊரை ஏமாற்றுகிறாள், அவளுக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள் நான். சிவப்பு வந்துவிடும் என்று அவ்வளவு நம்பியதால்தான் சிவப்பைப் பொட்டலத்திலேயே வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அக்காவை விட்டுவிடு, நீ சொல்லம்மா, போகட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். அம்மா அரிசியை உலையில் போட்டாள். என்னால் சொல்ல முடியாது என்றாள்.

மூன்று மணிக்கு அப்பா வந்து, கிளம்பு என்றார். அம்மா எங்களைத் தடுக்கவும் இல்லை, வழியனுப்பவும் இல்லை. லோகு அண்ணன் கடையில் கூட்டம். எங்கள் முறை வரும்போது நாலரை ஆகிவிட்டது. சம்மதம் என்ற இடத்தை அழுத்தியதும், ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க என்றார். அப்பாவின் போனைப் பார்த்தேன். எதுவும் வரவில்லை.

திரையில் நம்பரின் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன. அது அக்காவின் நம்பர்.

மே மாதம் பதிவு செய்த அன்று நம்பர் கேட்டபோது அம்மா முந்திக்கொண்டு அதைத்தான் சொன்னாள். அன்றைக்கு நான் அதை இங்கே எழுதவில்லை. அக்காவின் போனை அம்மா இன்னும் சார்ஜ் போட்டு, ரீசார்ஜ் செய்து, பட்டுப் பாவாடைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் அந்த நம்பரை வேறு யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்று.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். அக்கா போனில் ஒரு நம்பர் வந்திருக்கும், படித்துச் சொல் என்றேன். அம்மா நடக்கிறது கேட்டது. பலகைக்கு முன்னால் இருக்கிற மணி ஒரு தடவை இடிபட்டது. பிறகு மூச்சு மட்டும். லோகு அண்ணன் கையை விரித்தார். அந்த ஓ.டி.பி.யின் நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு தடவை அனுப்பறேனுங்க என்றார்.

இரண்டாம் தடவை மெசேஜ் வந்த சத்தம் எனக்கே போனில் கேட்டது. அக்கா வைத்திருந்த அதே குயில் சத்தம். இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை.

"நாலு" என்றாள் அம்மா. "ஒம்போது. ஒம்போது. ஒண்ணு. ஏழு."

நான் சொல்லச் சொல்ல லோகு அண்ணன் தட்டினார். ஆறாவது எண் வரவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"அங்க ஹாஸ்டல்ல கொசு வலை குடுப்பாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"நாமளே எடுத்துட்டுப் போலாம்மா."

"ரெண்டு வாங்கோணும். ஒண்ணு கிழிஞ்சா இன்னொண்ணு."

"சரிம்மா."

"மூணு" என்றாள். எனக்கு அது கொசு வலைக்கா என்று ஒரு நொடி தடுமாற்றம். பிறகுதான் புரிந்து, மூன்று என்று கத்தினேன்.

ஆகஸ்ட் 23

ஹாஸ்டல். அறையில் மூன்று பேர். மற்ற இருவரும் என் கொசு வலையைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் அவர்களுடைய கட்டில்களுக்கும் சேர்த்து வாங்கி வந்திருக்கலாம்.

அப்பாவும் அம்மாவும் மத்தியானமே ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே வந்து அம்மா பையிலிருந்து அக்காவின் போனை எடுத்து என் கையில் வைத்தாள். சார்ஜரும் இருந்தது. வீட்டில் பலகைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். தலை வலித்தாலும் சரி, தும்மினாலும் சரி, உடனே இதிலிருந்து கூப்பிட வேண்டும் என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

சாயங்காலம் எனக்கு ஒன்றும் இல்லை. தும்மல்கூட இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன். அம்மாவின் போனில் இப்போது கவிநயா என்று வரும். இரண்டு வருடம் கழித்து, சென்னையிலிருந்து. அது கூப்பிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வைத்துவிடலாமா என்று நினைத்தேன், விரல் போகவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுபோகும் நேரத்தில் எடுத்தாள். ரயில் ஓடுகிற சத்தம் கேட்டது. அம்மா பேசவில்லை.

"நாந்தாம்மா. சுகிதா" என்றேன்.

"தெரியும்" என்றாள். "சாப்ட்டியா?"

கேண்டீனில் எனக்குப் பிடித்ததை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைச் சொன்னேன். உப்பு கம்மி என்றும் சொன்னேன். ரயில் ஏதோ பாலத்தில் போக ஆரம்பித்தது, அம்மா சொன்னது எதுவும் காதில் விழவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருந்தோம்.